குவாட்ரா-ட்ராக் கேஸை மாற்றும் முன் எண்ணிப் பார்க்க வேண்டிய பற்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: 1997 மாடல் ஜீப் கிராண்ட் செரோக்கி, 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், 42ஆர்இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் குவாட்ரா-ட்ராக். பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பினால் யாரோ பிரேக்கை மிதித்த மாதிரி வண்டி திமிறுகிறது, டயர் தத்தித் தத்தி வருகிறது. விஸ்கஸ் கப்ளிங் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். அதையே புதிதாகப் போடுவதா, அல்லது வேண்டும்போது மட்டும் நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி, கியர்பாக்ஸின் சக்தியை முன்பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்றிவிடுவதா? மாற்றினால் எதைப் போடுவது?

தாராளமாக மாற்றலாம். அந்தத் தலைமுறை கிராண்ட் செரோக்கியில், அதாவது 1993 முதல் 1998 வரை வந்த இசட்ஜே வண்டிகளில், இது பலரும் செய்து பார்த்த வேலை. கேஸைக் கழற்றி மாட்டுவது இதில் சுலபமான பாதி. அதோடு சேரும் மூன்று விஷயங்களில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்: இன்புட் ஸ்பிளைன் (கியர்பாக்ஸ் ஷாஃப்ட் நுழைந்து பிடிக்கும் பல்வெட்டு), முன்பின் ஷாஃப்ட்டுகளின் நீளம், உள்ளே இருக்கும் லீவர். இந்த மூன்றையும் பணம் கொடுப்பதற்கு முன்பே அளந்துவிட்டால் ஒரு சனி ஞாயிறில் முடிந்துவிடும். அளக்காமல் வாங்கினால் வண்டி வாரக்கணக்கில் ஸ்டாண்டில் நிற்கும்.

முதலில் பழுது உண்மையிலேயே கப்ளிங்கில்தானா என்று பாருங்கள். இப்போது உங்கள் வண்டியில் இருப்பது என்.வி.249 என்ற டிரான்ஸ்ஃபர் கேஸ். அதன் பின்பகுதியில் ஒரு மூடிய டப்பா இருக்கிறது. அதற்குள் மெல்லிய தட்டுகள் மாற்றி மாற்றி அடுக்கப்பட்டு, இடையில் கெட்டியான சிலிக்கான் திரவம் நிரப்பப்பட்டிருக்கும். முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் கொஞ்சம் வேக வித்தியாசத்தில் சுற்றினால் திரவம் வழிவிடும். வித்தியாசம் அதிகமானால் சூடேறி இறுக்கிப் பிடிக்கும். வயதான கப்ளிங் சும்மா ஓடும்போதே இறுகிவிடுகிறது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க யாரும் இல்லாததால்தான் டயர் தத்துகிறது.

ஆனால் நாலு டயரும் ஒரே அளவில் இல்லாவிட்டாலும் இதே மாதிரிதான் தெரியும். இரண்டு டயர் புதுசு, இரண்டு டயர் மொட்டை என்றால் சுற்றளவு மாறும், கப்ளிங் நேர்ரோட்டில்கூட ஓயாமல் வேலை செய்யும். கப்ளிங்குகள் சீக்கிரம் சாவதற்கு இது ஒரு பெரிய காரணம். நாலு டயரின் சுற்றளவையும் டேப் வைத்து அளந்துவிட்டு, பிறகு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வண்டியை இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை பார்க்கில் வைத்து, டிரான்ஸ்ஃபர் லீவரை ஹையில் விட்டு, ஒரே ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். அந்தச் சக்கரத்தைக் கையால் அல்லது வீல் நட்டில் நீளமான கம்பி மாட்டித் திருப்பிப் பாருங்கள். நல்ல கப்ளிங் என்றால் தேனுக்குள் கரண்டியைச் சுழற்றுவது போல மெதுவாக, சீரான எதிர்ப்போடு சுற்றும். அசையவே இல்லை என்றால் இறுகிவிட்டது. தடையே இல்லாமல் சுற்றினால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

இறுகியது உறுதியானால், அதே கப்ளிங்கைப் புதிதாகப் போட்டுப் பழைய கேஸைக் காப்பாற்றலாம். தப்பில்லை. ஆனால் அந்த டப்பாவின் விலையையும், ஸ்கிராப் யார்டில் கிடைக்கும் ஒரு முழு கேஸின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் பெரும்பாலும் முழு கேஸ் பக்கம்தான் போகிறார்கள். கப்ளிங்குக்குப் பதில் திடமான ஸ்பூல் ஒன்றைப் போட்டு நிரந்தரமாக லாக் செய்யும் வழியும் உண்டு. தார்ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது வேண்டாம். இப்போது இருக்கும் நோயை நிரந்தரமாக்கிக் கொள்வதற்குச் சமம் அது.

மாற்றுக்கு இரண்டு கேஸ்கள் உண்டு. ஒன்று என்.வி.231, ஜீப்பில் அதன் பெயர் கமாண்ட்-ட்ராக். டூ-ஹை, ஃபோர்-ஹை, நியூட்ரல், ஃபோர்-லோ என்று நாலு நிலை. முன்பின் ஷாஃப்ட்டுகளை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் சென்டர் டிஃபரன்ஷியல் உள்ளே கிடையாது. இன்னொன்று என்.வி.242, செலக்-ட்ராக். டூ-வீல், பார்ட்-டைம், ஃபுல்-டைம், நியூட்ரல், ஃபோர்-லோ என்று ஐந்து நிலை. இதற்குள் சென்டர் டிஃபரன்ஷியல் இருப்பதால் ஃபுல்-டைமில் தார்ரோட்டில் நாலு சக்கர இழுவையோடு ஓட்டலாம், வளைவில் திமிறாது. இரண்டிலும் லோ ரேஞ்ச், அதாவது மெதுவாக அதிக இழுவை தரும் விகிதம், பழைய கேஸைப் போலவே 2.72க்கு 1தான். லோவில் எதுவும் கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை.

தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டி, மழையிலும் பனியிலும் ஓடும் வண்டி என்றால் 242 போடுங்கள். யோசிக்கவே வேண்டாம். பாதி ரோடு ஈரம், பாதி காய்ந்தது என்ற நாட்களில் 231 உள்ளவர் நிமிடத்துக்கு ஒருமுறை லீவரைத் தள்ளிக்கொண்டிருப்பார், அல்லது வெறும் டூ-வீலில் பயந்துகொண்டு ஓட்டுவார். வண்டி பெரும்பாலும் கல்லிலும் மண்ணிலும் ஏறப்போகிறது, பின்னால் சஸ்பென்ஷனைத் தூக்கும் எண்ணமும் இருக்கிறது என்றால் 231 நல்லது. நீளம் குறைவு, உள்ளே பாகங்கள் குறைவு, ஸ்லிப் யோக்கை (பின் ஷாஃப்ட்டின், கேஸுக்குள் வழுக்கும் முனை) நீக்கும் கிட் எளிதாகக் கிடைக்கும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். 242இன் ஃபுல்-டைம் வெறும் ஓப்பன் டிஃபரன்ஷியல். ஒரு சக்கரம் பனியில் சும்மா சுற்ற ஆரம்பித்தால் சக்தியெல்லாம் அதன் வழியே போய்விடும். பழைய கப்ளிங் அதைத் தானாகப் பிடித்துக் கொடுத்தது. இனி நீங்கள்தான் லீவரைப் பார்ட்-டைமுக்குத் தள்ள வேண்டும்.

டூ-வீலில் பெட்ரோல் நிறைய மிச்சமாகும் என்று எதிர்பார்த்து இந்த வேலையில் இறங்காதீர்கள். இந்த வண்டியின் முன் ஆக்ஸிலில் துண்டிக்கும் ஏற்பாடு இல்லை. டூ-வீலிலும் சக்கரங்கள் முன் ஆக்ஸிலையும் முன் ஷாஃப்ட்டையும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

இனி கேஸ் தேடும் கதை. பின்பக்க மூடியில் ஒரு வட்டத் தகடு இருக்கும். மாடல் எண்ணும் லோ ரேஞ்ச் விகிதமும் அதில் அச்சாகியிருக்கும். சேற்றைச் சுரண்டிவிட்டுப் படியுங்கள். என்.வி. என்பது நியூ வென்ச்சர் கியர். 1990இல் ஜிஎம்மும் கிரைஸ்லரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. அதற்கு முன் அது நியூ புராசஸ். அதனால் என்.பி.231, என்.வி.231 என்று இரண்டு பெயர் பார்த்தால் குழம்பாதீர்கள், ஒரே குடும்பம்தான்.

மிக நல்ல டோனர், அதாவது கேஸைக் கழற்றி எடுக்க ஏற்ற பழைய வண்டி, அதே தலைமுறை கிராண்ட் செரோக்கியில் செலக்-ட்ராக் வந்த வண்டி. அடுத்தது 1991க்குப் பிறகு வந்த 4.0 ஆட்டோமேட்டிக் செரோக்கி, அதாவது எக்ஸ்ஜே. உங்கள் கியர்பாக்ஸின் அவுட்புட்டில் 23 பல். 1987 முதல் 1990 வரையிலான செரோக்கி ஆட்டோமேட்டிக்கில் வந்த கேஸின் இன்புட்டில் 21 பல்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். ஆறு போல்ட் துளைகளும் பொருந்தும். கியர்பாக்ஸுக்கு அடியில் தூக்கிப் பிடித்துத் தள்ளும்போதுதான் உள்ளே போகாது. எனவே யார்டிலேயே டார்ச் அடித்து இன்புட் ஓட்டைக்குள் பாருங்கள். ஒரு பல்லில் மார்க்கர் வைத்து ஆரம்பித்து ஒரு சுற்று எண்ணுங்கள், இரண்டு முறை எண்ணுங்கள். அதோடு, கேஸின் பொருத்து முகத்திலிருந்து இன்புட் எவ்வளவு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் ஸ்கேல் வைத்து அளந்து, உங்கள் பழைய கேஸோடு ஒப்பிடுங்கள். மேனுவல் கியர்பாக்ஸ் ஜீப், டாட்ஜ் பிக்கப் ஆகியவற்றிலிருந்து வரும் 231களில் இந்த நீளம் மாறலாம். இன்புட் கியரை மட்டும் ஒரு கேஸிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட நினைத்தால், பல்லின் சாய்வு வெட்டும் பேரிங் அகலமும் ஒத்துவருகிறதா என்று பார்க்காமல் செய்யாதீர்கள். 90களின் நடுவில் அவை மாறின.

டோனர் கேஸின் நலத்தை யார்டிலேயே பாதி கண்டுபிடித்துவிடலாம். டிரெயின் பிளக்கைக் கழற்றி ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் விடுங்கள். கருத்துப்போன சிவப்பு பரவாயில்லை. தட்டைச் சாய்க்கும்போது அடியில் ஊசி ஊசியாக மின்னினால் அந்தக் கேஸை விட்டுவிடுங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிறகு ரேஞ்ச் லீவரை ஒவ்வொரு நிலையிலும் வைத்து இன்புட்டைக் கையால் சுற்றுங்கள். ஒவ்வொரு நிலையும் தெளிவாக 'டக்' என்று உட்கார வேண்டும். ஃபோர்-ஹையில் வைத்து முன் யோக்கை (முன் ஷாஃப்ட் மாட்டும் கவட்டை) முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். அதிகம் ஆடினால் செயின் நீண்டுவிட்டது என்று அர்த்தம். ஷிஃப்ட் ஃபோர்க்கில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டுகளும் தேயும் சாமான்கள்தான். கேஸைத் திறக்கப் போகிறீர்கள் என்றால் அவற்றையும் செயினையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். திறக்கவில்லை என்றாலும் இன்புட் சீல், முன் அவுட்புட் சீல், பின் சீல் மூன்றையும் புதிதாகப் போடாமல் மாட்டாதீர்கள். தரையில் கிடக்கும் கேஸில் பத்து நிமிட வேலை. மாட்டியபின் அதுவே அரைநாள்.

ஷாஃப்ட் விஷயத்தில் நிதானம் தேவை. டோனர் இசட்ஜேவாக இருந்தால் இரண்டு ஷாஃப்ட்டையும், லீவர் பெட்டியையும், இணைப்புக் கம்பிகளையும், கன்சோலில் நிலைகள் எழுதிய பிளேட்டையும் அதே வண்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகச் சேர்க்க முயன்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் போகும். வேறு வண்டியின் கேஸ் என்றால், முன் யோக்கின் வடிவம் உங்கள் முன் ஷாஃப்ட்டோடு பொருந்தாமல் போகலாம். பல் ஒத்திருந்தால் பழைய கேஸின் முன் யோக்கைக் கழற்றிப் புதியதில் மாட்டிக்கொள்ளலாம். யோக் நட் சுமார் 150 நியூட்டன் மீட்டர் இறுக்கம் கேட்கும், அதாவது 110 அடி-பவுண்டு. நட்டையும் ரப்பர் வாஷரையும் புதிதாகப் போடுங்கள். பழைய வாஷர் ஸ்பிளைன் வழியாக ஆயிலைக் கசியவிடும். அப்போது சீல்தான் போய்விட்டது என்று நினைத்து அதையே திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

பின் ஷாஃப்ட்டுக்கு முதலில் இரண்டு கேஸின் வால்பகுதியும் ஒரே வகையா என்று பாருங்கள். ஷாஃப்ட்டின் முனை கேஸுக்குள் வழுக்கிப் போய்வருகிறதா, அல்லது கேஸில் நட் போட்ட யோக் நிலையாக நிற்கிறதா? செரோக்கி 231இன் வால் வழுக்கும் வகை, 27 பல். இரண்டு கேஸும் ஒரே வகையாக இருந்தாலும் மொத்த நீளம் மாறும், 242 நீளம் கூடியது. புதிய கேஸை மாட்டி, வண்டி தன் முழு எடையோடு சக்கரத்தில் நிற்கும்போது அளந்தால்தான் அளவு சரியாக வரும். ஆக்ஸில் தொங்கும்போது எடுத்த அளவு உதவாது. வழுக்கும் யோக்கை உள்ளே முட்டும்வரை தள்ளி, அங்கிருந்து 20 முதல் 25 மில்லிமீட்டர் வெளியே இழுத்த நிலையில் ஷாஃப்ட்டின் நீளம் அமைய வேண்டும். இந்த இடைவெளி அதைவிடக் குறைந்தால் பள்ளத்தில் இறங்கும்போது ஷாஃப்ட் கேஸின் வாலை முட்டி உடைக்கும். அதிகமானால் ஸ்பிளைன் போதுமான அளவு பிடிக்காமல் அதிரும். நீளத்தை மாற்ற டிரைவ்லைன் கடையில் வெட்டி, வெல்டு அடித்து, பேலன்ஸ் செய்துதான் வாங்க வேண்டும். வீட்டில் வெல்டு வேண்டாம்.

மாட்டுவதற்கு முன் இன்னொரு சோதனை. முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் விகிதம் ஒன்றா? முழுநேர கேஸில் சிறு வித்தியாசத்தைக் கப்ளிங் சகித்துக்கொண்டு மெதுவாகச் செத்திருக்கும். பார்ட்-டைமில் அதைச் சகிக்க யாரும் இல்லை, செயினோ ஷாஃப்ட் மூட்டில் உள்ள கிராஸோ உடையும். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, மற்றவற்றுக்குக் கட்டை கொடுத்து, டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்து (இறுகிய கப்ளிங் என்றால் மறு ஷாஃப்ட்டையும் கழற்றிவிட்டு), அந்தச் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று சாக்பீஸ் கோடு வைத்து எண்ணுங்கள். மூன்றரையைக் கொஞ்சம் தாண்டினால் 3.55, மூன்றே முக்காலை நெருங்கினால் 3.73. முன்னும் பின்னும் ஒரே கணக்கு வர வேண்டும்.

இப்போது கழற்றும் வேலை. எதையும் தொடும் முன் இதை மனதில் பதியுங்கள்: ஷாஃப்ட்டைக் கழற்றினாலோ டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தாலோ கியர்பாக்ஸின் பார்க் வண்டியைப் பிடிக்காது. சக்கரத்துக்குக் கட்டை, கை பிரேக், நல்ல ஸ்டாண்டு மூன்றும் வேண்டும். ஆயிலை வடித்து, இரண்டு ஷாஃப்ட்டிலும் யோக்கிலும் பெயிண்டால் கோடு போட்டுக் கழற்றுங்கள். அதே ஷாஃப்ட் திரும்பப் போகும் என்றால் அதே நிலையில் போக வேண்டும். கிராஸ் கப்புகள் உதிராமல் டேப் சுற்றிவிடுங்கள். ஸ்பீடு சென்சார் பிளக், இண்டிகேட்டர் சுவிட்ச் பிளக், வெண்ட் குழாய், லீவர் கம்பி எல்லாவற்றையும் பிரித்தபின், கியர்பாக்ஸின் அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்து, குறுக்குச் சட்டத்தை இறக்குங்கள். கியர்பாக்ஸின் வால் சில சென்டிமீட்டர் இறங்கினால்தான் மேலே உள்ள நட்டுகளுக்குக் கை போகும். அதற்கு மேல் இறக்காதீர்கள். ஆறு சிலிண்டரில் விசிறி மேலுறையை முட்டும், 5.2 வி8 வண்டி என்றால் எஞ்சினின் பின்னால் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கேபின் சுவரில் மோதி மூடி உடையும்.

கேஸைப் பிடித்திருப்பவை ஆறு ஸ்டட், ஆறு நட். கீழே நாலு எளிது. மேலே உள்ளவற்றுக்கு நீளமான எக்ஸ்டென்ஷனும் வளையும் சாக்கெட்டும் வேண்டும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு தூவும் ஊர்களில் நட்டோடு ஸ்டட்டே கழன்று வரும். அது நஷ்டமில்லை, புது ஸ்டட் போட்டுக்கொள்ளலாம். கேஸை நெஞ்சில் தாங்கி இறக்கலாம் என்ற தைரியம் வேண்டாம். டிரான்ஸ்மிஷன் ஜாக்கி இல்லாவிட்டால் தரை ஜாக்கியில் பெல்ட்டால் கட்டி, இரண்டு பேராக இறக்குங்கள்.

கேஸ் வந்ததும் கியர்பாக்ஸின் பின் சீலைப் பாருங்கள். அது கசிந்தால் கியர்பாக்ஸ் ஆயில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் போகும். அங்கே அளவு கூடி வெண்ட் வழியே வழியும், இங்கே கியர் வழுக்கும். புது சீல் போட்டுவிடுங்கள். புதிய கேஸை ஏற்றும்போது அது நேராக உள்ளே போகவில்லை என்றால் நட்டைப் போட்டு இழுக்காதீர்கள். கேஸை ஃபோர்-ஹையில் வைத்து, பின் அவுட்புட்டைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே தள்ளினால் பல் தானாக இணையும். முகம் முகத்தோடு கையின் பலத்திலேயே முழுதாகச் சேர வேண்டும். அதன்பின் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக 35 நியூட்டன் மீட்டருக்கு, அதாவது 26 அடி-பவுண்டுக்கு இறுக்குங்கள். நட்டால் இழுத்துச் சேர்த்தவர்கள் அலுமினிய முகத்தை உடைத்திருக்கிறார்கள். ஷாஃப்ட் ஸ்ட்ராப் போல்ட்டுகளுக்கு 19 நியூட்டன் மீட்டர் போதும். ஆவேசமாக இறுக்கினால் கப் நசுங்கி கிராஸ் இறுகும்.

ஸ்பீடோமீட்டர் பினியனை உங்கள் பழைய கேஸிலிருந்தே எடுத்துப் போடுங்கள். அதன் பல் எண்ணிக்கை உங்கள் ஆக்ஸில் விகிதத்துக்கும் டயருக்கும் பொருத்தமானது. அதைத் தாங்கும் அடாப்டரில் பல் எண்ணிக்கை வரம்புகள் குறித்திருக்கும். உங்கள் பினியனுக்கு உரிய வரம்பு அடியில், கடிகாரத்தின் 6 மணி நிலையில் வர வேண்டும். மாற்றித் திருப்பிப் போட்டால் பினியன் சரியாகப் பிடிக்காமல் பல் தேயும். இண்டிகேட்டர் சுவிட்ச் பிளக் பொருந்தவில்லை என்றால் வயரை யூகத்தில் சேர்க்க வேண்டாம். அந்த வருட மாடலின் வயரிங் படத்தில் இரண்டு கேஸுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

ஆயில், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்தான். ஏடிஎஃப்+4 அல்லது டெக்ஸ்ரான் வகை. கெட்டியான கியர் ஆயில் ஊற்றாதீர்கள். உள்ளே இருக்கும் சின்ன பம்ப் அதை மேலே ஏற்றத் திணறும். 231க்குச் சுமார் 1 லிட்டர், 242க்குச் சுமார் 1.35 லிட்டர். வண்டி சமமாக நிற்கும்போது மேல் பிளக்கின் துளையிலிருந்து வழியும்வரை ஊற்றினால் அளவு சரி.

லீவர்தான் கடைசித் தொல்லை. பழைய 249இன் லீவர் பெட்டியில் மூன்று நிலைக்குத்தான் இடம். அதையே வைத்துக்கொண்டால் 242இன் ஒரு முனையோ மறு முனையோ எட்டாது. கம்பியைச் சரிசெய்யும் முறை இது: உள்ளே லீவரை ஃபோர்-லோவில் வையுங்கள். அடியில் கம்பியைப் பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்தி, கம்பி அதன் துளையில் தடையின்றி வழுக்குகிறதா என்று பாருங்கள். கேஸின் மேல் உள்ள ரேஞ்ச் லீவரைக் கையால் ஃபோர்-லோவின் கடைசிவரை தள்ளிப் பிடித்துக்கொண்டு போல்ட்டை இறுக்குங்கள். லோவில் ஏற்றம் ஏறும்போது லீவர் தானாகத் துள்ளி வெளியே வருகிறது என்றால் பத்தில் எட்டு முறை கேஸில் பழுதில்லை. இந்தச் சரிசெய்தல் பிசகியிருக்கும், கம்பியின் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருக்கும், அல்லது கியர்பாக்ஸ் மவுண்ட் கிழிந்து சுமையில் எல்லாமே நகரும். இந்த வேலையின்போதே மவுண்ட்டைப் புதிதாகப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு காலி மைதானம் தேடுங்கள். முதலில் டூ-வீலில் வேகத்தைக் கூட்டிக் கூட்டி அதிர்வு வருகிறதா என்று பாருங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்தால் ஷாஃப்ட் கோணம் அல்லது பேலன்ஸ். பிறகு ஃபுல்-டைமில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வட்டம் போடுங்கள். பழைய திமிறல் இருக்கவே கூடாது. பார்ட்-டைமை மண்ணிலோ புல்லிலோ மட்டும் சோதியுங்கள். தார்ரோட்டில் அது திமிறுவது பழுதல்ல, அதன் இயல்பே அதுதான். ஃபோர்-லோ போட, வண்டி மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர் வேகத்தில் உருளும்போது கியர்பாக்ஸை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, லீவரை ஒரே இழுப்பில் இழுங்கள். முழுதாக நின்ற வண்டியில் பல் பல்லோடு முட்டி ஏறாமல் நிற்கும். அப்போது பலம் காட்டினால் கம்பிதான் வளையும்.

முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓடியபின் அடியில் படுத்து மூன்று சீல்களையும், ஆறு நட்டுகளையும், ஆயில் மட்டத்தையும் மறுபடி பாருங்கள். முதல் ஆயிலை ஆயிரம் கிலோமீட்டருக்குள் வடித்து மாற்றுங்கள். யார்டிலிருந்து வந்த கேஸ் தன் பழைய அழுக்கைக் கழற்றி விடுவது அந்த முதல் ஆயிரத்தில்தான்.